நிரப்பப்படாத கட்டங்களும் எண்பது மதிப்பெண்களும்

என்சிஇஆர்டி வெளியிட்ட பத்தாம் வகுப்புப் பொருளியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை உள்ளது. ஒரு பக்கம் மனிதர்கள்: நிலமற்ற கிராமத் தொழிலாளர், பஞ்சாபின் வசதியான உழவர், மழையை மட்டுமே நம்பியிருக்கும் உழவர், நகரத்தில் வேலையற்றிருக்கும் இளைஞர், நர்மதைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆதிவாசி. மறுபக்கம், அவர்கள் ஒவ்வொருவரும் எதை வளர்ச்சி என்று கருதுவார்கள் என்பதை எழுதுவதற்கான கட்டங்கள். சிலவற்றை நூலாசிரியர்களே நிரப்பியுள்ளனர். எஞ்சியவற்றை மாணவர் நிரப்ப வேண்டும். ஆதிவாசிக்கு எதிரே உள்ள கட்டம் வெற்றாகவே விடப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு வளர்ச்சியாகத் தோன்றுவது மற்றவருக்கு இழப்பாக முடியலாம் என்பதே அந்த அத்தியாயத்தின் மையக் கருத்து.

ஆனால் பெரும்பாலான மாணவர்களின் கைக்கு வரும்போது அந்தக் கட்டங்கள் வெற்றாக இருப்பதில்லை. வழிகாட்டி நூல்களும் இணையதளங்களும் அவற்றை முன்கூட்டியே நிரப்பித் தந்துவிடுகின்றன. இதற்காக மாணவரைக் குறைகூற இயலாது. தேர்வு தம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அவர் சரியாகவே அறிந்துவைத்திருக்கிறார்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல் ஆகிய நான்கும் தலா 20 மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று மதிப்பெண் வினாவுக்கு மூன்று கருத்துகள், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து கருத்துகள் என்பது வகுப்பறைகளில் எழுதாச் சட்டமாக நிலைபெற்றுவிட்டது. ஒரே கருத்தை எடுத்துக்கொண்டு அதன் காரணங்களையும் எதிர்வாதத்தையும் ஆராய்ந்து எழுதும் மாணவர், ஐந்து வரிகளை எண்ணிட்டு அடுக்கிய மாணவரைவிடக் குறைவாகப் பெறும் வாய்ப்பே அதிகம். ஆராயும்படி வினா கேட்கிறது. மதிப்பெண்ணோ பட்டியலுக்குச் செல்கிறது. பாடநூல் வளர்க்க விரும்பும் திறனுக்கும் மதிப்பீடு அளக்கும் திறனுக்கும் இடையிலான இந்த விலகலே இப்பாடத்தின் அடிப்படைச் சிக்கல்.

இதை மற்றப் பாடங்களின் மனப்பாடச் சிக்கலோடு சேர்த்து ஒதுக்கிவிட முடியாது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்குச் சமூக அறிவியல் கட்டாயப் பாடமன்று. நாளைய மருத்துவர், பொறியாளர் பலருக்கும் கூட்டாட்சி, சாதி, பாலினம், கடன், உலகமயமாதல் ஆகியவை குறித்து முறையாகப் படிக்கும் கடைசி ஆண்டு பத்தாம் வகுப்பே. 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வாக்களிக்கும் வயது 18. இத்தேர்வை எழுதிய இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்கள் வாக்காளர்களாகிவிடுகிறார்கள். பொதுப் பிரச்சினை ஒன்றில் சான்றுகளை எடைபோட்டு முடிவெடுக்கும் பயிற்சியை அதற்குமுன் அவர்களுக்கு வழங்கக்கூடிய கடைசி வகுப்பறை இது.

‘குடிமையியல்’ என்ற பாடத்தின் வரலாற்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். குடியேற்ற ஆட்சிக்கு எதிரான மனநிலை இந்தியரிடையே பெருகிய சூழலில்தான் அப்பாடம் பள்ளிகளுக்குள் வந்தது என்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 சுட்டிக்காட்டியது. பணிவான குடிகளை உருவாக்குவது அதன் தொடக்ககால நோக்கம். அந்த மரபிலிருந்து விலகி, கேள்வி கேட்கும் குடிமகனை முன்னிறுத்தி, அரசியல் அறிவியல் என்ற பெயரில் புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன. பாடநூல் மாறியது, விடைத்தாளை மதிப்பிடும் பழக்கம் அதே அளவுக்கு மாறவில்லை. பத்தாம் வகுப்பு அரசியல் நூலின் இறுதி அத்தியாயம் மக்களாட்சியின் அறைகூவல்களைப் பேசியது. நல்ல மக்களாட்சிக்கு மாணவர் தம் சொந்த வரையறையை எழுத அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட பாடக்குறைப்பில் அந்த அத்தியாயமே நீக்கப்பட்டது. வெற்றிடமாக விடப்பட்டிருந்த இன்னொரு கட்டமும் அதனுடன் மறைந்தது.

கருத்துகளை எண்ணி மதிப்பெண் வழங்கும் முறைக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அண்மை ஆண்டுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இத்தேர்வை எழுதுகின்றனர். திருத்துவோர் பல ஊர்களையும் பல சமூகப் பின்னணிகளையும் பல அரசியல் சார்புகளையும் கொண்டவர்கள். இட ஒதுக்கீடு பற்றியோ மதச்சார்பின்மை பற்றியோ ஒரு மாணவி தம் நிலைப்பாட்டை எழுதினால், அது திருத்துபவரின் விருப்பு வெறுப்புக்கு இரையாகக்கூடும். விடைக்குறிப்பின் வறண்ட பட்டியல் அந்த மாணவிக்கு ஒரு காப்பு. விளிம்புநிலையிலிருந்து வரும் மாணவர்களுக்கு இக்காப்பு மேலும் இன்றியமையாதது. இந்த வாதத்தைப் புறந்தள்ளும் எந்தச் சீர்திருத்தமும் நன்மையைவிடத் தீமையையே செய்யும்.

மொழியும் இத்துடன் இணைந்தது. வாரியத் தேர்வில் சமூக அறிவியல் விடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்படுகின்றன. சந்தாலியோ கோண்டியோ தமிழோ பேசும் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு அம்மொழிகளில் வாதிடுவது எளிதன்று. அவருக்கு மனப்பாடம் சோம்பலின் அடையாளமன்று, பிழைத்திருக்கும் வழி. நடையழகுக்கு மதிப்பெண் தரும் முறை வந்தால் அதனால் பயன்பெறுவோர் மாநகரத் தனியார் பள்ளிகளின் மாணவர்களாகவே இருப்பர்.

எனினும் காப்பு வேண்டும் என்பதற்காகச் சிந்தனையைக் கைவிட வேண்டியதில்லை. முடிவுக்கு மதிப்பெண் தராமல், முடிவை எட்டிய முறைக்கு மதிப்பெண் தர இயலும். மாணவரின் நிலைப்பாடு தெளிவாக உள்ளதா? அதற்குப் பாடநூலிலிருந்தோ தம் ஊரிலிருந்தோ சான்று காட்டியிருக்கிறாரா? மாற்றுத் தரப்பை நேர்மையாக எடுத்துரைத்திருக்கிறாரா? சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பை விளக்கியிருக்கிறாரா? இந்நான்கையும் எளிய மொழியில் எழுதப்பட்ட விடையிலும் அடையாளம் காணலாம். அரசியல் அறிவியலுக்கும் பொருளியலுக்கும் தலா ஒரு ஐந்து மதிப்பெண் வினாவை இவ்வாறு அமைத்து, அளவுகோலை ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும். அதனுடன், ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகளைக் கொண்ட, ஆனால் இரண்டுமே முழு மதிப்பெண் பெறத்தக்க இரு மாதிரி விடைகளையும் வெளியிட வேண்டும். முடிவு எதுவாயினும் தண்டனை இல்லை என்பதை மாணவருக்கும் திருத்துவோருக்கும் உணர்த்த அந்த இரண்டு பக்கங்களே போதும்.

வாரியத்தின் விதிமுறைகள் இதற்கு முரணானவை அல்ல. விடைக்குறிப்பில் இல்லாத பொருத்தமான விடைக்கும் மதிப்பெண் தரலாம் என்றும், தகுதியிருந்தால் முழு மதிப்பெண் வழங்கத் தயங்க வேண்டாம் என்றும் திருத்துவோருக்கு அறிவுறுத்தப்படுகிறது. 2023–24 கல்வியாண்டு முதல் வினாத்தாளில் பாதி திறன்சார் வினாக்களாக இருக்க வேண்டும் என்பதும் வாரியத்தின் கொள்கை. ஆயினும் அவற்றில் பல வினாக்கள் பலவுள் தெரிவாகவும் கூற்று–காரண வகையாகவுமே அமைகின்றன. அங்கும் சரியான விடை முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒன்றுதான்.

தரநிலை வழங்கும் முறையிலும் ஒரு முரண் உண்டு. தேர்ச்சி பெற்றோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று வாரியம் தரநிலைகளைப் பகிர்கிறது. ஓர் ஆண்டில் அனைவரும் அரசியலமைப்பை நன்கு புரிந்து எழுதினாலும் உயர்ந்த தரநிலை ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கே கிடைக்கும். நுழைவுக்கு ஆள் தெரிவு செய்யும் தேர்வில் இம்முறைக்கு நியாயம் இருக்கலாம். குடிமை அறிவோ பங்கிட்டுத் தீரும் பொருளன்று. இப்பாடத்துக்கேனும், ‘இதை அறிந்தவருக்கு இந்தத் தரநிலை’ என்ற நிலையான அளவுகோல் தேவை.

அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் நுகர்வோர் விழிப்புணர்வு போன்ற பொருள்களில் திட்டப்பணி செய்ய 5 மதிப்பெண் உண்டு. கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய கோப்புகளாக அவை சுருங்கிவிடுவதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். 2009இல் தொடங்கிய தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் படிவங்களுக்குள் சிக்கிப் பின்னர் கைவிடப்பட்டது. அந்த 5 மதிப்பெண்ணுக்கு, தம் ஊரின் குடிநீர் குறித்தோ நியாயவிலைக் கடை குறித்தோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் பழகச் செய்யலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அதன் கட்டணம் 10 ரூபாய். விடை தர 30 நாள். எந்த அலுவலகத்திடம் எந்தத் தகவலைக் கேட்பது என்று ஒரு மாணவர் சிந்திப்பதிலேயே கூட்டாட்சியும் உள்ளாட்சியும் பாடமாகிவிடும்.

அதே சட்டத்தின்கீழ், திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் எதிர்நின்றது இதே வாரியம்தான். அந்த உரிமையைப் பயன்படுத்தித் தம் அரசியல் அறிவியல் விடையைப் பெறும் மாணவருக்கு இன்று கிடைப்பது பக்க ஓரத்தில் எழுதப்பட்ட ஓர் எண். அந்த எண் ஏன் இடப்பட்டது என்பதைக் கூறும் அளவுகோல் அதனருகே இருப்பின், அதிகாரம் தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்பதை அம்மாணவர் தம் விடைத்தாளிலிருந்தே கற்றுக்கொள்வார்.