பிறந்தநாள் ஈகைநாளா? தண்டல்நாளா?

தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு புதுச்சடங்கு வேரூன்றிவிட்டது. பணியாளர் ஒருவர்க்குப் பிறந்தநாள் வந்துவிட்டால், மாலை வேளையில் பாலேடு பூசிய அணிச்சல் ஒன்று நடுக்கூடத்தில் வந்து அமர்கின்றது. 'கேக்' என்னும் அயற்சொல்லால் அன்றித் தமிழன் அதனை அறியான். அதன்மேல் மெழுகுத்திரி ஏற்றப்பெறுகின்றது. ஏற்றிய கையோடு வாயால் ஊதி அவிக்கப்பெறுகின்றது. சூழ நிற்போர் கைதட்டி 'ஆப்பி பர்த்துடே' என்று பாடுகின்றனர். பாடுவோருள் ஆங்கிலேயர் ஒருவரும் இலர், கேட்போருள்ளும் இலர். இறுதியில், எஞ்சிய அணிச்சலை முகத்தில் அப்பிச் சிரிக்கின்றனர். உழவன் வியர்வையில் விளைந்த உணவைப் பாழாக்குவதற்கு நாகரிகம் என்று பெயர்!

'விளக்கை அணை' என்று சொல்லவும் நாக்கூசிய இனம் தமிழினம். 'விளக்கை அமர்த்து', 'விளக்கைக் குளிரவை' என்றே சிற்றூர்த் தாய்மார் சொல்லி வந்தனர். அத்தாயர் வயிற்றிற் பிறந்த பிள்ளை, தன் வாழ்வில் ஓராண்டு கூடிய நன்னாளில், எரியும் சுடரை எச்சிற்காற்றால் ஊதிவிட்டுக் கைதட்டுப் பெறுகின்றான்.

பாடும் பாட்டின் வரலாறேனும் பாடுவோர்க்குத் தெரியுமா? அமெரிக்க நாட்டுக் கெண்டக்கி மாநிலத்து உடன்பிறந்த மகளிர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் காலை வணக்கம் கூறுதற்கென 1893-ஆம் ஆண்டு வெளியிட்ட பாட்டின் மெட்டே அது. பிறந்தநாட் சொற்கள் அதில் பின்னரே ஏற்றப்பட்டன. அப்பாட்டிற்கு உரிமை கொண்டாடி நிறுவனம் ஒன்று நெடுங்காலம் பணம் தண்டி வந்தது. 2015-இல்தான் அமெரிக்க வழக்குமன்றம் அவ்வுரிமை செல்லாதெனத் தீர்ப்புரைத்தது. பாவலர் அறிவுமதி யாத்த தமிழ்ப் பிறந்தநாள் வாழ்த்துப்பாட்டு இசையோடு நாட்டில் வழங்கிவரும்போது, அயலார் பாட்டை முணுமுணுப்பது ஏன்? தமிழில் பாட்டில்லாக் குறையன்று அது. தமிழனிடம் நெஞ்சில்லாக் குறை.

மொழிக்கேட்டினும் கொடியது ஒன்று உண்டு. மேலலுவலர் பிறந்தநாள் நெருங்கியதும், தலைக்கு இவ்வளவு என்று புலனக்குழுவில் அறிவிப்பு வருகின்றது. தந்தோர் பெயர்ப்பட்டியலும் அடுத்தடுத்து வருகின்றது. பட்டியலில் இல்லாத பெயர் யார் கண்ணில் படும் என்பது அனைவர்க்கும் தெரியும். ஆகவே, திங்கட் கடைசியில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடன் கேட்டு நிற்கும் கடைநிலை ஊழியனும் வாய்திறவாமல் தருகின்றான். அன்பால் தருவது பரிசு. அச்சத்தால் தருவது திறை. அவ்வலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மையார்க்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. அஃது எந்நாள் என்று கேட்டவர் எவர்? சிந்திய பாலேட்டைத் துடைப்பதே அவ்விழாவில் அவர்க்குரிய பங்கு! நடுவணரசுப் பணியாளர்க்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறைகள், முன் ஒப்புதலின்றிப் பணம் திரட்டுவதையும், வரம்பு மீறிப் பரிசு பெறுவதையும் விலக்குகின்றன. ஏட்டில் உள்ள நெறி, அணிச்சலின் முன் ஊமையாகிவிடுகின்றது.

'பிறந்தநாள் கொண்டாட்டமே மேனாட்டார் தந்தது. ஆகவே அவர் முறையிற் செய்வதே பொருந்தும்' என்பாரும் உளர். இஃது அறியாமையினின்று எழுந்த உரை. தொல்காப்பியர் புறத்திணையியலில், பாடாண் பகுதியில், வேந்தன் பிறந்தநாளைப் பெருமங்கலம் எனச் சுட்டினார். அந்நாளில் அவன் சினம் நீங்கியிருத்தலையும் சேர்த்தே கூறினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்றது. வெள்ளாடை உடுத்தமையால் வெள்ளணி என்றும் அந்நாள் பெயர் பெற்றது. சிறையோரை விடுத்தலும் வேண்டுவோர்க்கு ஈதலும் அந்நாட் கடமைகள். தஞ்சையில் இன்றும் ஆண்டுதோறும் ஐப்பசிச் சதயநாளில் இராசராசனுக்குப் பிறந்தநாள் விழா எடுக்கப்பெறுகின்றது. தமிழ்நெறியில் பிறந்தநாள் என்பது பிறந்தவன் ஈயும் நாள். ஆள்வோனே சினம் தவிர்ந்து கைதிறந்த நாள் அது. ஏழைப் பணியாளன் அஞ்சிக் கைதிறக்கும் நாளன்று.

ஆகவே அலுவலகங்கள் செய்யத்தக்கன இவை. வாழ்த்துவதாயின் மேலாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவரையும் ஒருபடித்தாக வாழ்த்துக. இன்றேல் ஒருவரையும் வாழ்த்தாது விடுக. விழாவை விரும்பாதாரை இழுத்துவந்து நிறுத்தற்க. மகளிரிடம் அகவை வினவிச் சிரித்தற்க. பணம் தண்டுதல் அறவே ஒழிக. பிறந்தநாள் காண்பவர் தம்மால் இயன்றதைத் தாமே வழங்குக; இயலாதார் வெறுங்கையோடு வந்து வாழ்த்துப் பெறுக. ஓர் எள்ளுருண்டை போதும். ஒரு பிடி சுண்டலும் போதும். பரிசளிக்க விழைவார்க்குத் திருக்குறள் நூல் உண்டு. விளக்கை ஏற்றுக, ஊதி அவித்தற்க. 'நீடு வாழ்க' என்று தூய தமிழில் வாய்நிறைய வாழ்த்துக.

அடுத்த பிறந்தநாள் விழாவைத் தமிழன் ஒருவன், துப்புரவு செய்யும் அம்மையாரின் பிறந்தநாளைக் கேட்டறிந்து, அவர்க்கே முதல் வாழ்த்துக் கூறித் தொடங்கட்டும். அன்று அவ்வலுவலகத்தில் தமிழும் தலைநிமிரும், தமிழரும் தலைநிமிர்வர்.