சாவியைக் கண்டுபிடித்தவன் வீட்டுக்கு ஓனரா?

பி.காம். படிக்கிறவனுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெபிட், கிரெடிட்டைத் தாண்டி வெளியே வருவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் வணிகச் சட்டப் பேப்பருக்காகக் காப்புரிமை பற்றிப் படிக்கப் போய், இதயத்தின் சோடியம் வாசலில் மாட்டிக்கொண்டேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. அதைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் உயிரியல். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த அளவுதான்!

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் செல்லிலிருந்து செல்லுக்குப் போகும் ஒரு மின்செய்தி. இதயச் செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்றே குட்டிக் குட்டி வாசல்கள் இருக்கின்றன. செய்தி வந்ததும் வாசல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சில மில்லி செகண்டுகளில் தாழ்ப்பாள் விழுந்து மூடிக்கொள்ளும். பிறகு பொட்டாசியம் வேறு வாசல் வழியாக வெளியேறும், செல் ஓய்வு நிலைக்குத் திரும்பும். அடுத்த துடிப்புக்குத் தயார். நாம் கவனிக்காமலேயே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது.

இந்தச் சோடியம் வாசலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவில் இருக்கிறது. வாசல் என்பது சுமார் 2,016 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு புரதச் சங்கிலி. சில குடும்பங்களில் அதில் மூன்றே மூன்று விடுபட்டுப் போயிருக்கும். 2,016 பதிவுகள் உள்ள பேரேட்டில் மூன்று விட்டுப்போன மாதிரி. ஆனால் விட்டுப்போன இடம் அந்தத் தாழ்ப்பாள்! அது சரியாக விழாது. சோடியம் கசிந்துகொண்டே இருக்கும். செல் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகும். இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி நீளும். நீள் க்யூ.டி. நோயின் மூன்றாம் வகை இதுதான். மற்றபடி நன்றாக இருக்கும் இருபது வயதுப் பையன் ராத்திரி தூங்கப் போனவன் காலையில் எழாமலே போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எந்த மரபணு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? நிறைய ஆகும். முதல் வகையில் பழுது ஒரு பொட்டாசியம் வாசலில். ஓடும்போதும் நீந்தும்போதும் அட்ரீனலின் வந்து 'சீக்கிரம்' என்று செல்லுக்குச் செய்தி சொல்லும், அந்தச் செய்திக்கு அந்த வாசலால் ஈடுகொடுக்க முடியாது. அவர்களுக்கு பீட்டா பிளாக்கர் நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றாம் வகைக்காரர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும். அவர்களில் பலருக்குச் சோடியம் வாசலை அடைக்கும் மெக்சிலெடின் உதவுகிறது. இதே எஸ்சிஎன்5ஏ வேறு விதமாகப் பழுதாகி, உள்ளே வரும் சோடியம் குறைந்துபோனால் புருகாடா நோய் வரலாம். அங்கே சோடியம் வாசலை அடைக்கும் ஃப்ளெகெய்னைடு போன்ற மருந்துகளே ஆபத்து. ஒரே மரபணு, எதிரெதிர் பழுது. போதாததற்கு, பழுதைச் சுமக்கும் சிலருக்கு இ.சி.ஜி. சாதாரணமாகவே இருக்கும். அவர்களுக்கு மரபணுச் சோதனை ஒன்றுதான் வழி.

இனி நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன்.

எஸ்சிஎன்5ஏ-வின் எழுத்து வரிசை 1992-லேயே வெளியாகிவிட்டது. அதில் வரும் பழுதுதான் நீள் க்யூ.டி. நோய்க்குக் காரணம் என்று 1995-இல் காட்டியது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் கீட்டிங் குழு. அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. அதாவது வரி கட்டியவன் பணம். ரத்தம் கொடுத்தவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள். காப்புரிமை மட்டும் பல்கலைக்கழகத்துக்கு! 1980-இல் வந்த பே-டோல் சட்டம் அதற்கு வழி செய்துவைத்திருந்தது.

பல்கலைக்கழகம் தனி உரிமம் கொடுத்தது. அது டிஎன்ஏ சயின்சஸ் என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. ஜீன்டிஎக்ஸ் என்ற ஆய்வகம் இந்தச் சோதனையைச் செய்யப் போனபோது, காப்புரிமையைக் காட்டித் தடுத்தார்கள். சரி, தடுத்தவர்களாவது சோதனை செய்தார்களா? அதுவும் இல்லை. 2003-இல் டிஎன்ஏ சயின்சஸின் சொத்துகளை ஜீனைசன்ஸ் வாங்கியது. சோதனை சந்தைக்கு வந்தது 2004-இல். விலை 5,400 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய். குடும்பத்தில் அடுத்தவருக்குப் பார்க்க ஆளுக்கு 900 டாலர்.

கடையைத் திறக்காமலே பக்கத்துக் கடைக்கும் பூட்டுப் போடுவது எந்த ஊர் வியாபாரம்? விற்பது சோப்பு என்றால் வேறு பிராண்டுக்குப் போகலாம். என் இதயத்துக்கு வேறு பிராண்டு சோடியம் வாசல் கிடைக்குமா?

கம்பெனிக்காரர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை இல்லாவிட்டால் யாரும் முதல் போட மாட்டார்கள், முதல் போடாவிட்டால் சோதனையே வராது என்பார்கள். இதற்குப் பதில் அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. அதற்கும் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகமும் டொராண்டோ மருத்துவமனையும் ஒருவருக்கே என்று கொடுக்காமல், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தன. டஜன் கணக்கான ஆய்வகங்கள் சோதனை செய்தன. யாரும் போண்டியாகவில்லை. ஆக, சோதனை வருவதற்குத் தனி உரிமம் தேவையே இல்லை. தனி விலை வைப்பதற்குத்தான் அது தேவை.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழில் ஒரு சிக்கல் கவனித்திருக்கிறீர்களா? தொலைந்த சாவியைத் தேடி எடுத்தாலும் 'கண்டுபிடித்தேன்' என்கிறோம், பல்பை உருவாக்கினாலும் 'கண்டுபிடித்தார்' என்கிறோம். பேச்சில் பரவாயில்லை, சட்டத்தில் இந்தக் குழப்பம் வந்தால் ஆபத்து. இல்லாததை உருவாக்கியவனுக்குக் காப்புரிமை கொடுங்கள். ஏற்கனவே இருந்ததைப் பார்த்துச் சொன்னவனுக்கு விருது கொடுங்கள், சம்பளம் கொடுங்கள், மாலை போடுங்கள். வீட்டையே எழுதிக் கொடுக்காதீர்கள்.

'உடம்பில் இருப்பதற்கு நாங்கள் உரிமை கேட்கவில்லை, பிரித்தெடுத்த மரபணுவுக்குத்தான் கேட்கிறோம்' என்று சொல்லிப் பார்த்தார்கள். உப்பளத்துக்காரர் கடல்நீரைக் காயவைத்து எடுத்த உப்பு அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 'உப்பே என் கண்டுபிடிப்பு, இனி வேறு யாரும் எடுக்கக்கூடாது' என்று அவர் சொன்னால் சிரிக்க மாட்டோமா? 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. மார்பகப் புற்றுநோய் மரபணுக்களைப் பற்றிய மிரியட் வழக்கு அது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததாலேயே அது புதுப்பொருள் ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அன்றைக்கே வேறு ஆய்வகங்கள் அந்தச் சோதனையைக் குறைந்த விலைக்கு அறிவித்தன. பூட்டு எதற்காகத் தொங்கியது என்று அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

அதான் முடிந்துவிட்டதே, ஏன் புலம்புகிறாய் என்கிறீர்களா? முடியவில்லை. காப்புரிமைத் தகுதியை மீட்கிறோம் என்ற பெயரில் 2022-இலும் 2023-இலும் அமெரிக்க செனட்டில் மசோதா கொண்டுவந்தார்கள். உடம்பில் உள்ளபடியே இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று நல்ல பிள்ளையாக எழுதிவிட்டு, பிரித்தெடுத்தால் அது 'உள்ளபடியே' என்ற கணக்கில் வராது என்றும் எழுதியிருந்தார்கள். அதே உப்பு, புது மூட்டை!

நம் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(சி), இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவது காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2002 திருத்தத்தில் சேர்ந்த வார்த்தைகள் அவை. தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தபோது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. அந்த வரி இருப்பதும் இல்லாததும், பிள்ளையின் இதயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு தகப்பன் எத்தனை ஆய்வகங்களின் கதவைத் தட்டலாம் என்ற விஷயம்.

லாபம் தப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் டிகிரியைத் திருப்பிக் கேட்பார்கள். நல்ல சோதனையை வேகமாக, துல்லியமாக, மலிவாகச் செய்து தாராளமாகச் சம்பாதியுங்கள். ஆனால் அந்த மூன்று அமினோ அமிலங்கள் விட்டுப்போன கணக்கு அந்தக் குடும்பத்தின் கணக்கு. அதைத் திறந்து பார்க்க வேறொருவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால், அது வியாபாரம் இல்லை, வழிப்பறி.