செலவில்லாத அக்கறை

வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு நம் ஊரில் கிடைக்கும் அக்கறையில் பெரும்பகுதி 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. பப்பாளி தின்னக் கூடாது. கிரகணத்தன்று வெளியே தலைகாட்டக் கூடாது. படுத்தவாக்கில் புரளக் கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்க வேண்டும். தூரப் பயணம் கூடவே கூடாது. சொல்கிறவர்களுக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் இத்தனை தாராளமாகச் சொல்கிறார்கள்.

2013 ஜனவரியில், ஐந்து மாத வயிற்றோடு, ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில், விமானம் மாறுவதற்காக ஹெல்சிங்கியில் இரண்டு நாள் தங்கினேன். கிளம்புவதற்கு முன் வீட்டிலும் துறையிலும் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. "இந்த நேரத்துல எதுக்கும்மா குளிர் தேசத்துக்குப் போற?" "மாப்பிள்ளை எப்படிச் சம்மதிச்சார்?" "குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" எனக்கு ஒன்றென்றால் என்ன செய்வது என்று கேட்டவர் ஒருவருமில்லை. கருவுற்ற நாளிலிருந்து ஒரு பெண் தன் வயிற்றுக்கு வெறும் காவலாளி ஆகிவிடுகிறாள். வேலைக்காகப் போகிறேன் என்பதுகூட அவர்கள் காதில் ஊர் சுற்றப் போகிறேன் என்றே விழுந்தது.

என் மருத்துவருக்கு இந்தப் பதற்றம் எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடுங்கள் என்றார். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 36 வாரம் வரை எப்போதாவது விமானத்தில் போவது பாதுகாப்பானது என்பதுதான் மகப்பேறு மருத்துவத்தின் பொதுவான நிலை. பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகுதான் மருத்துவர் சான்றே கேட்கின்றன. சிக்கல் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் மருத்துவர் 'போகலாம்' என்ற பிறகும் ஊர் கூடித் தடுக்கிறது என்றால், அந்தத் தடைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை.

ஹெல்சிங்கியில் அப்போது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுந்தது, மாலை நான்குக்கு முன்பே போய்விட்டது. துறைமுகத்தில் கடல் உறைந்து கிடந்தது. நடைபாதையில் பனி இறுகிக் கண்ணாடிபோல வழுக்கியது. அதன்மேல் நகராட்சி பொடிக்கல் தூவியிருந்தது. விடுதி வரவேற்பில் இருந்த பெண் என் வயிற்றைப் பார்த்தார். வெளியே போகாதே என்று அவர் சொல்லவில்லை. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டையை எடுத்துக் கொடுத்தார். டிராமில் தள்ளுவண்டிகளுக்கென்று அகலமாக இடம் விட்டிருந்தார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவருக்கு அங்கே பயணச்சீட்டு வேண்டாம். குளிர்காலத்திலும் குழந்தைகளைக் கம்பளிக்குள் பொதிந்து திறந்தவெளியில் தூங்கவைப்பது அவர்கள் வழக்கம்.

அங்கேயும் பனி வழுக்கத்தான் செய்கிறது, விழுந்தால் எலும்பு முறியத்தான் செய்யும். வழுக்கும் என்பதற்கு அவர்கள் கண்ட வழி கல்லைத் தூவுவது. நாம் கண்ட வழி பெண்ணை உள்ளே உட்காரவைப்பது. கல்லுக்குச் செலவு உண்டு, லாரிக்குச் செலவு உண்டு, தூவும் ஆளுக்குக் கூலி உண்டு. உட்காரவைக்க ஒரு அதட்டல் போதும்.

'அது பணக்கார நாடு' என்று உடனே ஒரு குரல் எழும். பின்லாந்து எப்போதுமே பணக்கார நாடாக இருந்ததில்லை. 1930களில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 65 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்த ஏழ்மையில்தான், 1938இல், வறிய தாய்மார்களுக்குக் குழந்தைக்கான துணி அடங்கிய பெட்டியைத் தர ஆரம்பித்தார்கள். 1949இலிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும். நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. காலியான பெட்டியே குழந்தைக்குத் தொட்டிலும் ஆகும்.

இதெல்லாம் யாரும் கருணையால் கொடுத்ததல்ல. 1906இல் அந்நாட்டுப் பெண்கள் வாக்களிக்கும் உரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் பெற்றார்கள். மறு ஆண்டே 19 பெண்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மீனா சில்லன்பா. சிறு வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர், பிறகு வீட்டு வேலை செய்தவர். 1926இல் அந்நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். மணமாகாத தாய்மார்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் இல்லங்கள் அமையப் பாடுபட்டவர். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிய கை சட்டம் எழுதும் இடத்துக்கு வந்தால் எதற்குப் பணம் ஒதுக்கப்படும் என்பது மாறும்.

பின்லாந்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நாடுதான் 1935இல் மனநலம் குன்றியவர்கள் என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டது. 1970இல்தான் அது போனது. கருக்கலைப்புக்குக் காரணம் சொல்லி மருத்துவர்களின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பர் வரை நீடித்தது. 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும் என்று சட்டம் மாறியது மக்கள் கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகுதான். பிள்ளை வேண்டும் என்கிற அரசு பெட்டி தரும், வேண்டாம் என்கிற அரசு கத்தியை எடுக்கும். பெட்டியை வாங்கிக்கொண்டே கத்தியை எதிர்த்தவர்கள் அங்கத்துப் பெண்கள்.

நம்மிடம் வருவோம். 2022 ஜனவரியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு விதி வெளியே வந்தது. வேலைக்குத் தேர்வான பெண் மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருந்தால் அவர் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்'. பிரசவத்துக்குப் பிறகு வந்து சேரலாம். எதிர்ப்பு கிளம்பியதும் வங்கி அதை நிறுத்திவைத்தது. "இந்த நேரத்துல எதுக்கும்மா?" என்று வீட்டில் கேட்கப்படும் கேள்வி அலுவலகத்துக்குப் போனால் இப்படித்தான் சுற்றறிக்கையாகும்.

அதே நேரம், எட்டாம் மாதத்தில் குனிந்து நாற்று நடுகிறவளிடம் யாரும் 'கூடாது' என்பதில்லை. சாரத்தில் செங்கல் சுமக்கும் சித்தாளிடம் சொல்வதில்லை. விடிவதற்கு முன் தெரு கூட்டுகிறவளிடமும் சொல்வதில்லை. சொன்னால் உட்காரவைத்துக் கூலி கொடுக்க வேண்டியிருக்குமே! வேலைக்கோ படிப்புக்கோ தன் விருப்பத்துக்கோ போகிறவளைத் தடுப்பதும், வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறவளைக் கண்டும் காணாமல் விடுவதும் ஒரே அறத்தின் இரண்டு முகங்கள். அந்த அறத்துக்குச் சாதியும் வர்க்கமும் நன்றாகத் தெரியும்.

நாம் செலவழித்த இடங்களும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி உண்டு. 2017இல் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பு உண்டு. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் உண்டு. கேட்டுப் பெற்றவை, காக்கப்பட வேண்டியவை. ஆனால் 26 வாரச் சம்பளச் சுமையைச் சட்டம் நிறுவனத்தின் தலையில் மட்டும் ஏற்றியது. 'அப்ப எதுக்குப் பொண்ணுங்களை எடுக்கணும்?' என்று கணக்குப் போடுகிற முதலாளிக்கு அது வசதி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அதே சட்டம். உங்கள் கல்லூரியில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

நம் தெருவில் பனி இல்லை. மூடாத சாக்கடை இருக்கிறது. மேடும் பள்ளமுமான நடைபாதை இருக்கிறது. அரை மணிக்கொருமுறை சிறுநீர் முட்டும் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத பேருந்து நிலையக் கழிப்பறை இருக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் 'வெளியே போகாதே' என்கிறவர்கள் தங்கள் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறார்கள்.

ஆகவே தோழியரே, மாணவிகளே, அடுத்த முறை யாராவது 'இந்த நேரத்துல கூடாதும்மா' என்றால், சரி, அதற்காக நீங்கள் என்ன செலவழிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அம்மா சொன்னால் மரியாதையோடு கேளுங்கள். துறைத்தலைவர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அரசு சொன்னால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். விடுப்பா, உட்கார நாற்காலியா, தரைத்தளத்தில் வகுப்பறையா, கழிப்பறையா, காப்பகமா? ஒன்றைக் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லட்டும். வெறுங்கையோடு வருகிறவர்களிடம் போகிற ஊரின் பெயரைக்கூட நாம் சொல்ல வேண்டியதில்லை.