கவிஞருக்கும் சிலை, கொன்றவருக்கும் சிலை

மாஸ்கோவின் தகான்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் 2025 மே மாதம் ஸ்டாலின் மறுபடியும் குடியேறிவிட்டார். 1966இல் அகற்றப்பட்ட புடைப்புச் சிற்பத்தை அச்சு அசலாகச் செய்து சுவரில் பதித்திருக்கிறார்கள். மெட்ரோவின் 90ஆம் ஆண்டையொட்டிப் பயணிகளுக்கு இது பரிசாம். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அதே நகரில், ஸ்டாலின் கால வதைமுகாம்களைப் பற்றிய குலாக் வரலாற்று அருங்காட்சியகம் மூடப்பட்டது. சொன்ன காரணம், தீத்தடுப்பு விதிமீறல். சர்வாதிகாரிக்குச் சுவர் கிடைக்கிறது. அவருடைய வதைமுகாம்களின் ஆவணங்களுக்கு மட்டும் தீப்பிடிக்கும் அபாயம் வந்துவிடுகிறது!

‘வரலாற்றை உள்ளபடி மீட்கிறோம்’ என்று இதற்குச் சப்பைக்கட்டு கட்டுவோர், கவிஞர் ஒசிப் மண்டல்ஷ்டாமின் வரலாற்றையும் உள்ளபடி சொல்லட்டும்.

1891இல் வார்சாவில் பிறந்து, பீட்டர்ஸ்பர்கில் வளர்ந்தவர் மண்டல்ஷ்டாம். 1913இல் வெளிவந்த முதல் தொகுப்பின் பெயர் ‘கல்’. தேவாலயக் கட்டடங்களையும் ஹோமரையும் பாடிய அவரிடம் கோஷம் கிடையாது. ஆனால், விவசாயிகளின் பட்டினியைக் கண்ட பிறகு 1933 நவம்பரில் ஸ்டாலினைச் சாடி 16 வரிகள் இயற்றினார். அச்சிடவில்லை, நம்பிக்கைக்குரிய சிலரிடம் சொல்லிக்காட்டியதோடு சரி. அது போதுமானதாக இருந்தது.

1934 மே மாதம் ஓர் இரவில் கைதுசெய்ய வந்தார்கள். லெனின்கிராடிலிருந்து கவிஞர் அன்னா அக்மதோவா விருந்தாளியாக வந்திருந்த நாள் அது. வீட்டில் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல், அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரே ஒரு முட்டை வாங்கி வைத்திருந்தார்கள். விடிய விடியச் சோதனை நடந்து முடிந்ததும் அக்மதோவா அந்த முட்டையை மண்டல்ஷ்டாமின் பக்கம் தள்ளி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் உட்கார்ந்து, உப்புத் தூவி, சாப்பிட்டுவிட்டுக் காவலர்களோடு போனார்.

கிடைத்தது உள்நாட்டிலேயே மூன்றாண்டு ஊர்விலக்கு. அந்தக் காலத்தில் வரோனிஷ் நகரில் எழுதியவற்றில்தான் அவருடைய உச்சம் இருக்கிறது. உயிர் பிழைக்க 1937இல் ஸ்டாலினைப் புகழ்ந்தும் ஒரு பாடல் எழுதிப் பார்த்தார், பலனில்லை. மறுவருடம் எழுத்தாளர் சங்கத் தலைவரே அவரைப் பற்றி உளவுத்துறைக்கு எழுதிப்போட்டார். மீண்டும் கைது, ஐந்தாண்டுத் தண்டனை. 1938 டிசம்பர் 27 அன்று விளாதிவஸ்தோக் அருகே இடைத்தங்கல் முகாமில் 47 வயதில் இறந்தார்.

இப்போது ஒரு கணக்கு. 1928க்குப் பிறகு சோவியத் நாட்டில் அவருடைய அடுத்த கவிதைத் தொகுப்பு வந்தது 1973இல். இடைவெளி 45 ஆண்டு. 1938 வழக்கிலிருந்து அவரை விடுவித்தது 1956இல். அந்த 16 வரிகளுக்கான 1934 வழக்கிலிருந்து விடுவித்ததோ 1987இல்தான். அதாவது 53 ஆண்டு. வகுத்துப் பாருங்கள்: வரிக்கு மூன்றாண்டுக்கும் மேல்! ஒரு வல்லரசு ஒரு சிறு கவிதைக்குப் பயந்த கால அளவு இது. நீண்ட காலம் அவருடைய கவிதைகளில் பல பிழைத்துக் கிடந்தது எந்த நூலகத்திலும் அல்ல. ஊர் ஊராகப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த அவருடைய மனைவி நதேழ்தாவின் மனப்பாடத்தில்.

‘போரை வென்றவர் ஸ்டாலின்’ என்பார்கள் அவருடைய ஆதரவாளர்கள். மண்டல்ஷ்டாம் இறந்தபோது ஹிட்லரின் படையெடுப்புக்கு இரண்டரை ஆண்டு இருந்தது. ஒரு கவிஞரை முகாமுக்கு அனுப்பி எந்த டாங்கியைத் தடுத்தார்கள்? அவர்கள் சொல்வது வாதமே அல்ல, பக்தி. பக்தர்களோடு விவாதிக்க எனக்கு நேரமில்லை. மாஸ்கோவிலிருந்து வந்த மலிவு விலைப் புத்தகங்களின் நன்றிக்கடனுக்காக இன்னமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கும் நம்மூர்த் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

‘மண்டல்ஷ்டாமுக்கும் 2008இல் வரோனிஷிலும் மாஸ்கோவிலும் சிலை வைத்தோமே’ என்று அடுத்த பதில் வரும். சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. கொல்லப்பட்டவருக்குச் சிலை, கொன்றவருக்கும் சிலை. நடுவில் கொலை மட்டும் காணாமல் போகிறது. அந்தக் கொலைகளின் கணக்கை எழுதி, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தொகுத்த ‘மெமோரியல்’ அமைப்பைக் கலைக்கச் சொல்லி ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது எதற்காக?

விஷயம் ஆவணங்களோடு நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் மாஸ்கோவின் பொதுச் சதுக்கம் ஒன்றில் உக்ரைன் போருக்கு எதிராகக் கவிதை வாசித்த அர்த்யோம் கமார்தினுக்கு, 2023 டிசம்பரில் ஏழாண்டுச் சிறை விதித்தார்கள். ஸ்டாலினையே சாடிய கவிதைக்கு 1934இல் மூன்றாண்டு, போரை எதிர்த்த கவிதைக்கு இன்று ஏழாண்டு. ஸ்டாலினின் சிற்பம் பின்னால்தான் வந்தது. அவருடைய நீதி முன்பே திரும்பி வந்துவிட்டது.

அருங்காட்சியகத்தைப் பூட்டி, ஸ்டாலினைச் சுவரில் ஏற்றி, கவிதை படித்தவரைச் சிறையில் அடைத்திருக்கும் அரசுக்கு, மண்டல்ஷ்டாமின் சிலைக்கு மாலை போடும் தகுதி இல்லை.