திருத்துவதற்கும் ஒரு பாடவேளை வேண்டும்

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகளில் சி, ஜாவா, பைத்தான் என்று மூன்று நான்கு மொழிகள் சொல்லித் தருகிறோம். அந்த மொழிகளில் எழுதியதைத் திருத்தும் கருவியான எடிட்டரை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. லினக்ஸ் ஆய்வகம் உள்ள கல்லூரிகளில் 'விஐ' எடிட்டர் முதல் பயிற்சிகளில் ஒன்றாக வந்துபோகும். எழுதத் தொடங்க ஒரு விசை, சேமித்து வெளியேற ஒரு கட்டளை, ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம், ஆசிரியர் கையெழுத்து. அத்தோடு சரி.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள், எதைச் சொன்னாலும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டாயிரம் வரி உள்ள ஒரு பட்டியலைக் கொடுத்து, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும் தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றச் சொன்னால், அம்புக்குறி விசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்குகிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தாலும் பாதிதான் ஆகியிருக்கும். நடுவில் எங்கோ ஓர் எண் இடம் மாறியிருக்கும். அது யார் கண்ணிலும் படாது. இது அந்தப் பிள்ளைகளின் குறை இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததில்லை.

விஐயின் வாரிசான 'விம்' எடிட்டரில் இதற்கு மேக்ரோ என்று ஒன்று உண்டு. 'க்யூ' விசையை அழுத்தி, 'ஏ' என்று ஒரு பெயர் வைத்துவிட்டால், அதன்பின் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் விம் பதிந்துகொள்ளும். முதல் வரியின் தேதியைத் திருத்தி, அடுத்த வரிக்கு இறங்கி, மறுபடியும் 'க்யூ' அழுத்தினால் பதிவு முடிந்தது. மீதி 1,999 வரிகளுக்கும் இதையே செய் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேகம் அல்ல. தேதியைப் பிரிக்கும் சாய்கோட்டை அதே வரிக்குள் தேடிப் போகும்படி பதிந்திருந்து, ஏதோ ஒரு வரியில் தேதிக்குப் பதில் 'இல்லை' என்று எழுதியிருந்தால், மேக்ரோ அந்த வரியிலேயே நின்றுவிடும். கர்சர் இருக்கும் இடமே பிழை இருக்கும் இடம். அம்புக்குறியோடு இறங்கும் கண்ணுக்கு அந்த வரி தப்பிவிடும்.

எடிட்டரைத் திறந்தவுடன் எழுத வரவில்லையே என்பதுதான் விம்மைப் பற்றிப் புதியவர்கள் சொல்லும் முதல் புகார். உண்மைதான். திறந்ததும் அது இருப்பது நார்மல் மோடில். அங்கே எழுத்து விசைகள் எழுத்துகளை இடாது. கட்டளைகளாக வேலை செய்யும். 'டி' என்றால் நீக்கு, 'சி' என்றால் மாற்று, 'டபிள்யூ' என்றால் ஒரு சொல். 'டி' தட்டி 'டபிள்யூ' தட்டினால் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு சொல் போய்விடும். 'சி', 'ஐ', அதோடு ஒரு மேற்கோள்குறி தட்டினால், அந்தக் குறிகளுக்கு உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்து, புதிதாக எழுத இடம் தயாராகும். அடுத்த இடத்திலும் அதே மாற்றம் வேண்டுமா? அங்கே போய் ஒரு முற்றுப்புள்ளி. கடைசியாகச் செய்த மாற்றத்தை அப்படியே திரும்பச் செய்யும் விசை அது. இத்தனைக்கும் மவுஸ் பக்கம் கை போகவேண்டியதில்லை.

வேலைக்கு வந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். புதிதாக எழுதும் நேரத்தைவிட, ஏற்கெனவே எழுதியதைப் படிக்கவும் மாற்றவும் ஆகும் நேரம்தான் அதிகம். திருத்துவதை முதன்மையாகவும் எழுதுவதை அதற்கு அடுத்ததாகவும் வைத்திருக்கும் எடிட்டர் அதனால்தான் எனக்கு நியாயமானதாகப் படுகிறது.

இந்த அமைப்பு பஞ்ச காலத்தில் பிறந்தது. 1976இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் விஐயை எழுதினார். அவர் பயன்படுத்திய மோடம் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துகளைத்தான் அனுப்பும். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட ஒரு திரை முழுதாக நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு விசையில் ஒரு வேலை முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்படி வந்தது. அந்தச் சிக்கனம் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. ரயிலில் போகும்போது ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்துவேன். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும் நாலைந்து விசைகளில் வேலை முடிந்துவிடும்.

பிழை நேர்ந்தால் பின்வாங்கும் வசதியையும் சொல்ல வேண்டும். பல எடிட்டர்களில் நான்கு படி பின்னால் போய் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால், அந்த நான்கு படிகளும் தொலைந்தன. விம் அவற்றைத் தொலைப்பதில்லை. மாற்றங்களைக் கிளை கிளையாக வைத்திருக்கும். 'ஏர்லியர்' என்ற கட்டளையோடு பத்து நிமிடம் என்று சொன்னால், பத்து நிமிடத்துக்கு முன் ஃபைல் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவந்து நிறுத்தும். துணிந்து கைவைக்கப் பிள்ளைகளுக்குத் தைரியம் வருவது இப்படிப்பட்ட வசதிகளால்தான்.

"ஏஐ எழுதித் தருகிறதே, இதெல்லாம் இனி எதற்கு மேடம்?" என்று பயிற்சி வகுப்பில் கேட்கிறார்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அது ஒரு மூச்சில் 200 வரி எழுதித் தருகிறது. அதைப் படித்து, ஒரு ஃபங்ஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, வேண்டாத மூன்று வரிகளைப் பிடுங்க வேண்டியது நம் வேலை. நாம் எழுதாத 200 வரிக்குள் வழி தவறாமல் போய்வர, அடைப்புக்குறியின் ஜோடிக்குத் தாவும் விசையும், வந்த இடத்துக்கே திரும்பும் விசையும் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகின்றன. வெளி மென்பொருள் எதையும் ஏற்ற அனுமதிக்காத சர்வர்களும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு அவற்றில் ஒன்று நின்றுபோனால், கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விஐ மட்டும்தான்.

விம்தான் வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடில் ஒரு மாறியின் பெயரை எஃப்2 அழுத்தி மாற்றினால், அந்தப் பெயர் எந்தெந்த இடத்தில் அதே பொருளில் வருகிறது என்று அறிந்து அங்கே மட்டும் மாற்றும். விம்மின் வெறும் தேடி மாற்றும் கட்டளைக்கு அந்த விவரம் தெரியாது. ஈமேக்ஸ்காரர்கள் தங்கள் எடிட்டரை விட்டு வெளியே வருவதே இல்லை. எதையாவது ஒன்றை எடுத்து அதன் அடி வரைக்கும் போங்கள் என்கிறேன்.

ஆழப் போனால் நம் தேவைக்கு வளைக்கவும் முடியும். செயலிகளின் தமிழ் வாசகங்களைத் திருத்துவதும் எங்கள் வேலையில் உண்டு. கணினியில் தமிழ் விசைப்பலகையை இயக்கிவிட்டால் விம்மின் கட்டளை விசைகளும் தமிழ் எழுத்தாகிவிடும், வேலை முடங்கும். விம்மில் 'கீமேப்' என்ற அமைப்பு இருக்கிறது. எழுதும்போது மட்டும் தமிழ் வரும். எஸ்கேப் அழுத்தியதும் கட்டளைகள் வழக்கம்போல ஆங்கில விசைகளில் இயங்கும். தமிழ்99 விசைப்பலகை முறைக்கு 216 உயிர்மெய்க்கும் வரி வரியாக நானே ஒரு கீமேப் ஃபைல் எழுதி வைத்திருக்கிறேன். மேக்ரோ தெரிந்ததால் அதையும் கையால் தட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்படி ஓர் எடிட்டரைக் கல்லூரியில் சொல்லித்தரக் காசு ஒரு தடை இல்லை. 1991இல் விம்மை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மோலெனார் அதை இலவசமாகவே கொடுத்தார். விருப்பப்பட்டால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்த பிறகும் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்க்கிறார்கள். அரசுக் கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினியிலும் அது தடுமாறாமல் ஓடும். 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் கற்கும் முறையையும் அவரே சொல்லிவைத்திருக்கிறார்: எங்கே நேரம் வீணாகிறது என்று கவனி, அதற்கு வேகமான வழியைத் தேடு, அது கைப்பழக்கம் ஆகும் வரை செய்.

முதலாண்டு ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம், ஒரு பருவம் முழுக்க இதற்கு ஒதுக்கினால் போதும். தேர்வில் விசைகளின் பெயரைக் கேட்க வேண்டாம். தாறுமாறாகக் கிடக்கும் ஓர் ஆயிரம் வரி ஃபைலைக் கொடுத்து, இப்படி வேண்டும் என்று ஒரு மாதிரி வரியைக் காட்டி, அரை மணி நேரம் கொடுங்கள். திருத்திய ஃபைலுக்கு மதிப்பெண் போடுங்கள். பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். செய்து முடித்த புரோகிராமையே ரெக்கார்டு நோட்டில் மறுபடி கையால் பார்த்து எழுதவைக்கும் மணிக்கணக்கை நிறுத்தினால் இந்த நேரம் கிடைத்துவிடும்.