சுமப்பது என்னவென்று சொல்லுங்கள்

தோட்டத்தில் நாம் எல்லாவற்றையும் "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புல்லுக்கு அடிப்பது மருந்து. கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு அடிப்பது மருந்து. காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் தருவதும் மருந்து. முதல் இரண்டும் நஞ்சு என்பது இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

காலையில் பிரட்டில் "எட்டாம் நம்பர் மலைக்கு மருந்து" என்று வேலை பிரிக்கிறார்கள். என்ன மருந்து, எவ்வளவு கடுமையானது, அடித்த பின் எத்தனை நாள் அந்த மலைக்குள் போகக் கூடாது என்பதைப் பல தோட்டங்களில் யாரும் சொல்வதில்லை. ஸ்டோரில் கேனைத் திறந்து அளந்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். லேபல் ஸ்டோரிலேயே நின்றுவிடுகிறது. தொழிலாளியின் முதுகில் ஏறுவது பெயரில்லாத திரவம்.

சட்டம் இதற்காக எழுதப்படவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத பீடைகொல்லியை இந்த நாட்டில் விற்க முடியாது. விற்கும் கேனில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் லேபல் இருக்க வேண்டும். ஆக, எச்சரிக்கை தமிழில்தான் தோட்டத்துக்கு வருகிறது. ஆனால் டாங்கி சுமப்பவரின் கண்ணில் அது படுவதில்லை. தொழிற்சாலைக்குள் வேலை செய்பவருக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது தொழிற்சாலைக்கென எழுதப்பட்டது. மலையில் நிற்பவருக்கு அந்தக் காவல் கிடையாது.

அண்மைக்காலச் சம்பவம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்கு மாறின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.வின் எச்சம் நமது தேயிலையில் இருப்பதாக ஜப்பான் கண்டறிந்தது. தனியாக அளவு குறிக்கப்படாத இரசாயனம் ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நாடு ஏற்பதில்லை. ஏற்றுமதி பாதிக்கப்படும் என்ற கூக்குரல் எழுந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அந்த மூன்று ஆண்டுகளில் கம்பனிகளின் செலவு, விளைச்சல், ஏற்றுமதி எல்லாம் கொழும்பில் பேசப்பட்டன. அதுவரை அடித்த மருந்தில் என்ன ஆபத்து, அதற்குப் பதிலாக வந்த மருந்தில் என்ன ஆபத்து என்று மலைக்கு வந்து நமக்குச் சொன்னவர் யார்? ஜப்பானில் தேநீர் குடிப்பவருக்குத் தன் கோப்பையில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை இருக்கிறது. அது நியாயமானது. அதே உரிமையைத்தான் அந்தக் கொழுந்தைப் பறிப்பவருக்கும் மருந்து அடிப்பவருக்கும் நாம் கேட்கிறோம். பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழலைத் தொழிலின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக சர்வதேச தொழில் தாபனம் 2022 ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரியாதவருக்கு அந்த உரிமை எங்கே இருக்கிறது?

மருந்தின் பெயர் ஓர் உயிரைக் காப்பாற்றும். மயங்கி விழுந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் வைத்தியர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்றுதான். ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு அற்றோபின் ஊசி உண்டு. களைநாசினிக்கு அது பயன்படாது. பெயர் தெரிந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திடமும் வைத்தியர் ஆலோசனை கேட்கலாம். "புல் மருந்து" என்று மட்டும் சொன்னால் நேரம்தான் போகும்.

ஆபத்து டாங்கி சுமப்பவரோடு நிற்பதில்லை. மருந்து அடித்த மலைக்குள் நாள் கணக்குப் பார்க்காமல் கொழுந்துக்கு அனுப்பினால், ஈரம் காயாத செடி பெண்களின் கையிலும் இடுப்பிலும் உரசுகிறது. அந்த உடுப்போடுதான் தாய் பிள்ளை மடுவத்துக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார். டாங்கியைப் பீலியில் கழுவினால் லயமே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. வெறும் கேன் வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பாத்திரமாகிறது. சில தோட்டங்களில் மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மருந்தையும் அவர்களிடமே கொடுக்கிறார்கள். அந்தக் கேன் லயக் காம்பராவில் பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் இருக்கிறது. ஆத்திரத்திலோ வேதனையிலோ இருக்கும் ஒருவரின் கை எட்டும் இடமும் அதுவே. வேலை முறை மாறியது என்று சொல்லி நிர்வாகம் இந்தப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

எனவே எல்லாத் தோட்ட நிர்வாகங்களிடமும் நாம் கேட்பது இவைதான்:

1. மருந்து அடிக்கும் நாளில், அதன் பெயரும் ஆபத்தும் பிரட்டில் தமிழில் சொல்லப்பட வேண்டும். லேபலின் பிரதி மலைக்கு வர வேண்டும்.

2. அடித்த மலையின் எல்லையில், அடித்த திகதியும் மீண்டும் உள்ளே போகக்கூடிய திகதியும் எழுதிய பலகை வைக்கப்பட வேண்டும்.

3. கையுறை, பூட்ஸ், முகக்கவசம், சவர்க்காரம், கழுவத் தண்ணீர், உடுப்பு மாற்ற இடம் ஆகியவை நிர்வாகத்தின் செலவில் கிடைக்க வேண்டும். கவசத்தோடு வேலை செய்தால் வேகம் குறையும். அதைக் கணக்கில் எடுத்தே நாளுக்குரிய அளவு தீர்மானிக்கப்பட வேண்டும்.

4. மருந்து பூட்டிய ஸ்டோரில் இருக்க வேண்டும். வெறும் கேன்களை நிர்வாகமே திருப்பி எடுக்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே ஸ்டோரில் உள்ள மருந்துகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் லேபலைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும். தலைசுற்றல், வாந்தி, கண் எரிவு, எச்சில் ஊறுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் வேலையை உடனே நிறுத்துங்கள். நனைந்த உடுப்பைக் களைந்து உடம்பை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். 1990 அம்புலன்சை அழையுங்கள். லேபலையோ அதன் படத்தையோ கூடவே கொண்டுபோங்கள். சம்பவத்தைத் தோட்டப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். நட்டஈடு கேட்கும்போது அந்தப் பதிவு உதவும்.

மருந்தின் பெயரைக் கேட்பது வேலையை மறுப்பதாகாது. நாளை பிரட்டில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டவர் தனித்து நிற்காதபடி மற்றவர்களும் கேளுங்கள்.