கிரேன் சாய்ந்தால் ஆபரேட்டரை மட்டும் பிடிப்பது ஏன்?

"கிரேன் இல்லாத காலத்திலேயே பெரிய கோயிலைக் கட்டினவங்க நாங்க" என்று தஞ்சாவூர்க்காரர்கள் நாம் சொல்லாத நாள் உண்டா? 1010-ல் முடிந்த கோயில், 216 அடி விமானம், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி உச்சிக்கல்லை ஏற்றிய கதை எல்லாம் நமக்கு மனப்பாடம். (அது ஒரே கல்லா, பல துண்டா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) என் கேள்வி வேறு. கிரேன் வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்?

2020 பிப்ரவரி 19: பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படத்தின் செட்டில் கிரேன் விழுந்து 3 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 22: ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்தில் மயிலேறும் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போன கிரேன் மேடுபள்ளமான தரையில் சாய்ந்தது. 4 பேர் போய்விட்டார்கள்.

இரண்டு சம்பவத்திலும் கைதானவர் என்று பேப்பரில் படித்தது யாரை? கிரேன் ஆபரேட்டரை. அத்தோடு ஊரும் டீக்கடையும் அடுத்த செய்திக்குப் போய்விடும்.

"சினிமா செட்டும் திருவிழாவும் கட்டுமானத் தளமா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் கிரேனுக்கு இடம் தெரியாது. எடையும் தூரமும் தரையும் மட்டும்தான் தெரியும். இந்த மூன்றில் ஆபரேட்டர் கையில் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள்.

முதலில் எடையும் தூரமும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பத்து அடி நடந்து பாருங்கள்! 14 டன் ஹைட்ரா என்றால் 14 டன் தூக்குவது பூம் கிட்டே இருக்கும்போது மட்டும். பூம் நீள நீள அந்த எண் மளமளவென்று இறங்கும். லோடோடு வண்டி இடுப்பை மடக்கித் திரும்பினால் இன்னும் இறங்கும். பல பெரிய கம்பெனிகள் தங்கள் சைட்டுக்குள் பழைய மாடல் ஹைட்ராவை விடுவதே இல்லை, இதனால்தான். இதெல்லாம் லோடு சார்ட்டில் இருக்கிறது. ஆனால் தூக்கப்போகும் கம்பிக் கட்டு எத்தனை டன் என்று ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டியது யார்? சைட் இன்ஜினியர். பெரும்பாலும் சொல்லப்படுவது என்ன? "தூக்குப்பா, பாத்துக்கலாம்."

அடுத்தது தரை. நம்ம டெல்டாவில் எமன் இருப்பது இங்கேதான். லோடு சார்ட்டில் இருக்கும் எண் எல்லாமே கெட்டியான, சமமான தரைக்குப் போட்டது. வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் நின்ற கிரேன், பாபநாசம் பக்கம் வயலைத் தூர்த்துப் போட்ட பிளாட்டிலும் அப்படியே நிற்கும் என்று யார் சொன்னது? கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண்ணைப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடட்டும், அதே மண் காலை வாங்கிவிடும்.

சிவில் படிக்கும் நண்பர்களே, நாம் பரீட்சைக்குப் படித்த கணக்குதான் இது. 40 டன் எடையுள்ள கிரேன், 10 டன் லோடு, மொத்தம் 50. பூம் ஒரு மூலைக்குத் திரும்பும்போது அந்த ஒரு ஜாக்கி மேல் மட்டும் 30 டன் வருகிறது என்று வையுங்கள். ஜாக்கியின் பாதம் 60 செ.மீ.க்கு 60 செ.மீ., அதாவது 0.36 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 83 டன். கட்டைவிரலால் அழுத்தினால் பதியும் களிமண்ணுக்கு நம் பழைய ஐ.எஸ். 1904 அட்டவணை கொடுத்த தாங்குதிறன் 10 டன். எட்டு மடங்கு! ஜாக்கிக்குக் கீழே 3 சதுர மீட்டருக்கு நல்ல கட்டையோ இரும்புத் தகடோ விரித்தால்தான் சரியாகும். நாம் வைப்பது என்ன? ரெண்டு பலகைத் துண்டு, சில சமயம் செங்கல்.

தலைக்கு மேலே கரண்ட் கம்பி வேறு. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை களிமேட்டில் நடந்தது தஞ்சாவூரில் யாருக்கும் மறந்திருக்காது. தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அது தேர், கிரேன் இல்லை. ஆனால் இரும்பு பூம் அதே உயரத்துக்குத்தான் போகிறது. அந்த லைனை ஆஃப் பண்ண வைப்பது யார் வேலை? ஆபரேட்டர் போன் போட்டால் மின்வாரியம் கேட்குமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த 1998 மத்திய விதிகள், கிரேனை முதல்முறை இறக்கும் முன்பும் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொன்னது. 12 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனையும் கேட்டது. பொறுப்பை வேலை கொடுப்பவர் மேல்தான் வைத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. பெயர் மாறினால் போதுமா? அமெரிக்கா 2010-ல் கொண்டுவந்த கிரேன் விதிகளில் இரண்டு விஷயம் பளிச்சென்று இருக்கிறது. ஒன்று, தரையைத் தயார் செய்வது தளத்தைக் கட்டுப்படுத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு, சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கு உண்டு. நம்ம ஊரில் அதைச் செய்தால் மறுநாள் வேறு வண்டி வரும்!

"இதெல்லாம் பாத்தா வேலை நடக்குமா? கிரேனுக்கு மணிக்கணக்கு வாடகை சார்" என்பார்கள். உண்மைதான். அந்த மணிக்கணக்கு ஓடுவதற்கு முன்பே தரையைச் சரிசெய்து வைக்கலாமே? கட்டை விரிக்க அரை மணி நேரம் ஆகும். சாய்ந்த கிரேனை நிமிர்த்த இன்னொரு கிரேன் வாடகைக்கு எடுக்க வேண்டும். செத்தவனை எந்தக் கிரேன் எழுப்பும்?

ஆபரேட்டர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு ஏறுபவனை, செல்போன் பேசிக்கொண்டே லீவர் பிடிப்பவனைக் கட்டாயம் பிடியுங்கள். ஆனால் எடையைச் சொல்லாதவர், தரையைப் பார்க்காதவர், லைனை நிறுத்தாதவர், "பாத்துக்கலாம்" என்றவர் எல்லாரையும் விட்டுவிட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தவரை மட்டும் பிடித்தால், அடுத்த கிரேனும் இதே மாதிரிதான் சாயும்.

நம்மில் பாதிப் பேர் அடுத்த வருஷம் ஏதாவது ஒரு சைட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறோம். அந்த "தூக்குப்பா"வைச் சொல்லப்போவது நாம்தான். சொல்வதற்கு முன் எடையைக் கேளுங்கள், மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தலையைத் தூக்கிக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஆபரேட்டர் "வேணாம் சார்" என்றால், தயவுசெய்து அவர் பேச்சைக் கேளுங்கள்.